தலைக்காயத்திற்குப் பின் இல்லற உறவு: கேட்கக் கூசும் கேள்விக்கு ஒரு பாடம்

தலையில் அடிபட்டு உயிர் பிழைத்து வீடு திரும்பியவரை மறுபரிசோதனைக்கு அழைத்து வரும் குடும்பத்தார் எங்களிடம் பல கேள்விகள் கேட்கின்றனர். கை எப்போது தூக்க வரும்? மாத்திரையை எத்தனை மாதம் தொடர வேண்டும்? மறுபடியும் வண்டி ஓட்டலாமா? எல்லாம் கேட்டு முடித்து வாசல்வரை சென்ற மனைவி, மாமியாரை முன்னே போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நிற்பார். "இன்னொன்று கேட்க வேண்டும் மேடம்" என்பார். சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, அடுத்த முறை கேட்கிறேன்" என்று போய்விடுவார். அந்த அடுத்த முறை பெரும்பாலும் வருவதேயில்லை.

அவர் கேட்காமல் போன கேள்விதான் இம்மாதப் பாடம். தலைக்காயத்திற்குப் பின் கணவன் மனைவி உறவு என்னவாகிறது? அதை மருத்துவமனையில் பேசலாமா? பேசினால் பயன் உண்டா?

இக்கேள்வி நம் பகுதிக்கு மிகவும் தேவையானது. சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுச் செல்கிறது. திண்டிவனத்தில் புதுச்சேரிச் சாலையும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையும் பிரிகின்றன. இரு சக்கர வண்டியில் தலைக்கவசமின்றிச் சென்று அடிபடுவோர் இச்சாலைகளில் குறைவில்லை. முன்பெல்லாம் வழியிலேயே உயிர் பிரிந்துவிடும் நிலையிலிருந்த பலரை இன்று 108 ஊர்தி மருத்துவமனையில் கொண்டு சேர்க்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று, திண்டிவனத்திற்கு வடக்கேயுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த 48 மணி நேரத்தைக் கடந்து பிழைத்தவர், பெரும்பாலும் முப்பது நாற்பது வயதுக்காரர். அவர் முன்னே இன்னும் பல்லாண்டு வாழ்க்கை இருக்கிறது. அவ்வாழ்க்கையில் இல்லறமும் அடங்கும். பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கும் இப்பாடத்தின் பெரும்பகுதி பொருந்தும்.

'தொழில்' என்பதன் பொருள்

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். இப்பெயரைக் கேட்டதும், வேலை கற்றுத் தரும் இடம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இங்கே 'தொழில்' என்பது ஒரு மனிதர் தம் நாளை நிறைக்கச் செய்யும் எல்லாச் செயல்களையும் குறிக்கும். பல் துலக்குதல், சட்டைப் பொத்தான் போடுதல், சோறு பிசைந்து உண்ணுதல், சந்தைக்குச் சென்று மீதிச் சில்லறையை எண்ணி வாங்குதல் ஆகிய அனைத்தும் தொழிலே. 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய காலந்தொட்டு, நம் நாட்டில் இத்துறை வளர்ந்து வருகிறது. இத்துறையின் பாடநூல்கள் அன்றாடச் செயல்களைப் பட்டியலிடும்போது, குளித்தல், உண்ணுதல், உடுத்துதல் ஆகியவற்றோடு பாலுறவையும் சேர்த்தே கூறுகின்றன. ஆகவே இதைப் பற்றிக் கேட்பவர் எங்களிடம் வரம்பு மீறிப் பேசுவதாக ஆகாது. எங்கள் பணியின் ஒரு பகுதியைத்தான் அவர் கேட்கிறார்.

நம் மரபும் இதை மறைத்ததில்லை. திருக்குறளின் 1330 குறட்பாக்களில் 250 குறட்பாக்கள் இன்பத்துப்பாலில் உள்ளன. அப்பாலில் 'குறிப்பறிதல்' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கண்ணின் அசைவிலும் முகத்தின் மாற்றத்திலும் மற்றவரின் மனத்தை அறிந்துகொள்வதே குறிப்பறிதல். தலைக்காயம் பெரும்பாலும் பறித்துக்கொள்வது இந்த ஆற்றலைத்தான். இப்பாடத்தில் நீங்கள் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதாயின், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையில் அடி, உறவில் மாற்றம்

நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு செயலைத் தாமாகத் தொடங்க வைப்பது ஒன்று. தகாத செயலைத் தடுத்து நிறுத்துவது மற்றொன்று. முதலாவது கெட்டால், மனத்தில் அன்பிருந்தும் அருகில் வந்து கையைப் பற்றும் எண்ணம் எழாது. இரண்டாவது கெட்டால், யார் இருக்கிறார்கள் என்று பாராமல் பேசுவதும் தொடுவதும் நிகழும். ஆசை குறைவதே மிகுதியாகக் காணப்படுகிறது. அளவு மீறுவது அதைவிடக் குறைவு.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி உள்ளது. உடலின் பல ஹார்மோன்களை இதுவே ஆள்கிறது. அடியில் இது பழுதுபட்டால் ஆண்களுக்கு ஆசையும் விறைப்பும் குறையலாம். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கலாம் அல்லது ஒழுங்கு தவறலாம். இதை இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து சிகிச்சை அளிக்க முடியும்.

மோப்ப நரம்பு அறுபட்டவர்களுக்கு மணம் தெரியாது. மனைவி சூடிய மல்லிகையும் தெரியாது. தம் உடலின் வியர்வை நாற்றமும் தெரியாது. "குளிக்கவும் மாட்டேன் என்கிறார், கிட்டேயும் வருகிறார்" என்ற மனக்குறைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவற்றோடு அளவற்ற சோர்வு, மனச்சோர்வு, வலி, ஒருபக்கக் கைகால் இறுக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. மனச்சோர்வுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கக்கூடும். அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது கடும் வலிப்பை வரவழைக்கும். மருத்துவரிடம் கூறினால், அளவையோ மருந்தையோ மாற்ற இயலுமா என்று அவர் பார்ப்பார்.

நான்கு படிகள்

அமெரிக்க உளவியலாளர் ஜாக் அனன் 1976இல் இதற்கு நான்கு படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்தார். உலகெங்கும் மறுவாழ்வுத் துறையில் அது இன்றும் பயன்படுகிறது. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டு அதைப் பார்ப்போம்.

திண்டிவனத்திற்கு அருகே ஒரு சிற்றூர். கணவருக்கு வயது 34; சரக்கு வண்டி ஓட்டுநர். விபத்து நடந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மனைவியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரவில் அவருக்குப் பக்கத்தில் அவருடைய தாய் படுத்துக்கொள்கிறார்; மருமகளும் குழந்தைகளும் கூடத்தில் படுக்கின்றனர். "ஒரு வருஷம் போகட்டும், நரம்பு தளர்ந்துவிடும்" என்கிறார் தாய். கணவருக்குத் தம்மீது அன்பு போய்விட்டது என்றே மனைவி முடிவு செய்துவிட்டார்.

முதற்படி, அனுமதி. "தலையில் அடிபட்ட பலருக்கு இல்லற உறவில் மாற்றம் ஏற்படுகிறது. அதைப் பற்றியும் நீங்கள் எங்களிடம் பேசலாம்" என்று சிகிச்சையாளர் தாமே சொல்வது. இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டதும் கண்கலங்குவோர் உண்டு. பலருக்கு இந்த ஒரு படியே போதுமானதாகிவிடுகிறது.

இரண்டாம் படி, அளவான தகவல். கணவரின் அன்பு போகவில்லை. அதைத் தொடங்கி வைக்கும் மூளைப்பகுதி அடிபட்டிருக்கிறது என்பதை மனைவிக்கு விளக்குவது. விந்து வெளியேறுவதால் நரம்போ மூளையோ தளராது என்பதைத் தாய்க்கு விளக்குவது. பொதுவாக இல்லற உறவுக்குத் தேவைப்படும் உடலுழைப்பு, இரண்டு மாடிப் படிகள் ஏறும் உழைப்புக்கு ஒப்பானது. எனினும் எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அறுவை செய்த நாள், இரத்த அழுத்தம், வலிப்பின் நிலை ஆகியவற்றைப் பார்த்து அவர் கூறுவார்.

மூன்றாம் படி, இந்தக் குடும்பத்திற்கென்றே உரிய யோசனைகள். அவற்றை அடுத்த பகுதியில் காண்போம்.

நான்காம் படி, சிறப்புச் சிகிச்சை. ஹார்மோன் குறை, விறைப்புக் குறை, ஆழ்ந்த மனச்சோர்வு, முறிந்துபோகும் நிலையிலுள்ள உறவு ஆகியவற்றுக்கு உரிய மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் அனுப்புவது. மிகச் சிலரே இப்படிவரை வர வேண்டியிருக்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

நேரம்: மூளைக்காயச் சோர்வு மாலையில் மிகும். இரவு பத்து மணிக்கு அவர் முகம் திருப்பிப் படுத்தால், அது வெறுப்பு என்று எண்ண வேண்டா. காலையிலோ, பகல் உறக்கத்திற்குப் பின்னரோ உடலில் தெம்பு இருக்கும். குழந்தைகள் பள்ளிக்குச் சென்ற நேரமும் நல்ல நேரமே. அன்று சிகிச்சைப் பயிற்சி, உறவினர் வருகை, பேருந்துப் பயணம் ஆகியவை இல்லாதிருப்பது நலம்.

இடம்: ஓர் அறை வீடுகளில் தனிமை எளிதன்று என்பதை அறிவோம். பெரியவர்களிடம், "இரவில் அவரைப் பார்த்துக்கொள்ளும் முறையை மனைவிக்குக் கற்றுத் தந்திருக்கிறோம், இனி அவர் பார்த்துக்கொள்வார்" என்று சிகிச்சையாளரே கூறுவதுண்டு. தாய் படுக்கும் இடத்தை மாற்ற வேண்டியிருந்தால், அப்பொறுப்பை எங்களிடம் விடுங்கள். மருமகள் வாயால் அது வரத் தேவையில்லை. கதவுக்கு ஒரு தாழ்ப்பாளோ, குறுக்கே ஒரு திரையோ போடுவதும் சிகிச்சையே.

சொல்: இங்கேதான் குறிப்பறிதல் வருகிறது. முன்பு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் சமாதானம் செய்ய வந்திருப்பார். இன்று உங்கள் ஊடல் அவருக்குப் புரியாது. நீங்கள் ஏன் பேசவில்லை என்று குழம்புவார், அல்லது கவனிக்கவே மாட்டார். எனவே மனத்திலுள்ளதை நேரான சொற்களில் கூறுங்கள். "என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்", "என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்", "இன்று வேண்டாம், எனக்கு அலுப்பாக இருக்கிறது". ஒருமுறைக்கு ஒன்றாக, சிறிய வாக்கியமாக இருக்கட்டும். கேட்டுப் பெற்ற அன்பு அன்பாகுமா என்று மனம் வருந்தும். நடை மறந்தவருக்குக் கைகொடுத்துத்தானே நடக்கப் பழக்கினோம்? இதுவும் அதுபோன்றதே.

உடல் நிலை: ஒருபக்கம் பலவீனமுள்ளவர், அந்தப் பக்கத்தின் கீழும் முழங்காலின் கீழும் தலையணை வைத்துப் பக்கவாட்டில் படுத்தால் இறுக்கமும் வலியும் குறையும். பாரத்தைத் தாங்கும் பங்கைத் துணைவர் ஏற்கலாம். தொட்டால் உணர்வு தெரியாத பக்கத்தை விட்டு, உணர்வுள்ள பக்கத்தில் தொடுங்கள். மண்டையோட்டு எலும்பு எடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கம் எவ்வித அழுத்தமும் படக்கூடாது. அவ்வெலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் பாதுகாத்து வைத்திருந்தால், அவ்விடத்திலும் பாரம் கூடாது. சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள், செவிலியரைக் கேட்ட பின்னரே எதுவும் முடிவு செய்யுங்கள். தாமாகக் கழற்ற வேண்டா. தலைவலி, மயக்கம், பார்வை மங்கல், நெஞ்சுவலி தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள்.

தொடக்கம்: முதல் நாளே எல்லாம் பழையபடி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டா. சேர்ந்து உட்கார்ந்து தேநீர் அருந்துதல், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுதல், கைகோத்துப் படுத்தல் ஆகியவையும் உறவுதான். சில இணையர்கள் அந்த அளவிலேயே மனநிறைவு கொள்கின்றனர். அதில் குறை ஏதுமில்லை.

தாதியும் மனைவியும் ஒருவரே

பகலெல்லாம் மலம் துடைத்து, சோறூட்டி, உடை மாற்றிவிட்ட ஒரு பெண்ணுக்கு இரவில் மனைவியாக மாற மனம் வராமற்போவது இயல்பே. அவரிடம் அன்பில்லை என்று யாரும் கூறலாகாது. குளிப்பாட்டும் பணியை வாரத்தில் சில நாளேனும் அண்ணனோ தம்பியோ ஏற்றுக்கொண்டால், அப்பெண்ணுக்கு அவர் மறுபடியும் கணவராகத் தெரிவார். அடிபட்டவர் தாமே செய்துகொள்ளும் ஒவ்வொரு செயலும் இவ்வாறே உறவுக்கும் துணை செய்கிறது. சட்டைப் பொத்தானைத் தாமே போடப் பயிற்றுவிக்கும்போது, நாங்கள் இதையும் எண்ணியே பயிற்றுவிக்கிறோம்.

அடிபட்டவர் மனைவியாக இருக்கும் வீடுகளில் வேறொரு துன்பம் உண்டு. அவரிடம் ஆசையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. "அவளுக்கு இனி எதற்கு" என்ற சொல் காதில் விழுகிறது. மணமாகாத இளைஞர்களின் நிலையும் இதுவே. உடல் தேறிவரும் 22 வயதினருக்கு ஆசையும் ஐயமும் தனிமையும் உண்டு. அவர்களும் எங்களிடம் தனியே பேசலாம்.

இசைவின்றி எதுவும் இல்லை

இரு பக்கமும் இசைவு வேண்டும். தாம் எங்கிருக்கிறோம், அருகிலிருப்பவர் யார் என்று தெளியாத நிலையிலுள்ளவரால் இசைவு தர முடியாது. அந்நிலை நீங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பேச்சிழந்தவர்கள் தலையசைத்தோ, கையை அழுத்தியோ, விலக்கியோ 'ஆம்', 'வேண்டாம்' என்று தெரிவிக்கப் பழக்கலாம். விலக்கினால் அதை மதிக்க வேண்டும்.

அவ்வாறே, நோயுற்றவர் கேட்கிறார் என்பதற்காகத் துணைவர் உடன்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. காயம் ஒரு காரணமேயன்றி, அது யாருக்கும் உரிமம் ஆகாது. வற்புறுத்தலோ அடியோ இருந்தால் அதை மறைக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் அழைக்கலாம்.

பிறர் முன் ஆடை களைதல், தகாத சொல் பேசுதல், உறவுப் பெண்களையோ செவிலியரையோ தொடுதல் போன்றவை நிகழ்ந்தால், சிரிக்கவும் வேண்டா, திட்டவும் வேண்டா. "இப்படித் தொடக்கூடாது" என்று தாழ்ந்த குரலில், உறுதியாக, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். உடனே கைக்கு வேறு வேலை கொடுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் கண்டித்து மற்றொருவர் சிரித்தால் பழக்கம் மாறாது. குழந்தைகளை அவருடன் தனியே விடாதீர்கள். எந்த நேரத்தில், எதற்குப் பின் அது நிகழ்ந்தது என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். இது அவருடைய குணக்கேடு அன்று. ஆனாலும் சரிசெய்ய வேண்டிய ஒன்றே.

கருத்தடையும் போலி மருந்தும்

நின்ற மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருத்தரிக்கக்கூடும். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகிய மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பயனைக் குறைக்கும். காப்பர்-டிக்கு அந்தக் குறை இல்லை. வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யும். எனவே குழந்தை வேண்டுவோர், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைக் கலந்து கொள்ள வேண்டும். இத்தகைய தகவலைப் பெறுவது உங்கள் உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மகப்பேறு, குடும்பநலம் ஆகியவை பற்றிய தகவல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கச் செய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அவர்களின் மனமார்ந்த இசைவின்றிக் கருத்தடை அறுவை செய்வதையும் தடுக்கிறது.

ஆண்மைக்குறைவு நீங்கும் என்று சுவரொட்டி ஒட்டி, விடுதி அறைகளில் வந்து தங்கி மருந்து விற்போரிடம் செல்லாதீர்கள். கடையில் தாமாக வாங்கும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகளும் ஆபத்தானவை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோருக்கு அவை உயிருக்கே கேடாகும். மது, சோர்வையும் வலிப்பையும் மிகுவிக்கும்.

எப்படிக் கேட்பது?

வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால், மருத்துவச் சீட்டின் பின்புறம் 'இல்லற உறவு பற்றிப் பேச வேண்டும்' என்று எழுதி நீட்டுங்கள். அது போதும்; மற்றதை நாங்கள் தொடங்குவோம். பெண்கள் பெண் சிகிச்சையாளரையும், ஆண்கள் ஆண் சிகிச்சையாளரையும் கேட்கலாம். தனியே வரலாம், இணையராகவும் வரலாம். நீங்கள் கூறுவதை உங்கள் ஒப்புதலின்றி வீட்டாரிடம் கூறமாட்டோம்.

முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ மறுபரிசோதனைக்குச் செல்வோரும் அங்கே இதே கேள்வியைக் கேட்கலாம். தொழில்வழிச் சிகிச்சையாளர் இல்லாத இடத்தில் மருத்துவரிடமோ, பிசியோதெரபிஸ்டிடமோ, செவிலியரிடமோ கேளுங்கள். மனம் மிகவும் தளர்ந்திருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வாசல்வரை சென்று திரும்பி வந்து நிற்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். உங்கள் கேள்வி சிறியதன்று, வெட்கத்திற்கு உரியதுமன்று. அடுத்த முறைக்கு அதைத் தள்ளிவைக்காதீர்கள். மாமியார் வெளியே காத்திருக்கட்டும். நீங்கள் உட்காருங்கள், பேசுவோம்.